நாலு கொக்கியா, ஒரு பலகையா: கட்டப்படுகிறவள் எழுதும் ரிவ்யூ

டக், டக், டக் என்று மூன்று சத்தம் கேட்டது. நாலாவது கேட்கவில்லை. என் வீல்சேரை வேன் தரையோடு கட்ட என் காலடியில் மண்டியிட்டிருந்த ஓட்டுநர் தம்பி பக்கத்து மடக்கு சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார், செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார், கடைசியில் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மூணு மாட்டியாச்சுக்கா, முன்பக்கம் இடதுல ஒண்ணு மட்டும் காணோம். பக்கத்துலதானே, மெதுவா ஓட்டிடறேன்" என்றார். நல்ல பையன்தான். ஆனால் நாலு கொக்கியில் மூன்று இருந்தால் முக்கால் பங்கு பாதுகாப்பு என்று கணக்குப் போட முடியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கும் அதுவரை யாரும் சொன்னதில்லை, வேன் முதல் திருப்பத்தில் இடப்பக்கம் வளைந்தபோது என் நாற்காலிதான் சொல்லிக்கொடுத்தது. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, முன்பக்கம் மட்டும் வலப்பக்கமாக வழுக்கிப்போய் என் முழங்கால் கம்பியில் இடித்தது.

இந்த ரிவ்யூ அந்தத் தம்பியைப் பற்றியதும் இல்லை, அந்த வேன் சேவையைப் பற்றியதும் இல்லை. பேருந்திலும் வேனிலும் வீல்சேரை நிறுத்திவைக்க ஓர் ஏற்பாடு இருக்கிறதே, அதைப் பற்றி. பதினோரு வருடமாக மோட்டார் வீல்சேரில் போய்வருகிறேன், நாற்காலி மட்டுமே 140 கிலோ, என் எடையைச் சொல்ல மாட்டேன். இதுவரை பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பலகையில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள், இயந்திரக் கைகளால் பிடித்திருக்கிறார்கள், ஒன்றும் செய்யாமல் "பிரேக் போட்டுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயும் இருக்கிறார்கள். இவற்றை வாங்கும் முடிவை எடுப்பவர்கள் பெரும்பாலும் இவற்றில் உட்காருவதில்லை, உட்காருகிறவர்களிடம் யாரும் ஸ்டார் கேட்பதும் இல்லை. சரி, நானே போட்டுவிடுகிறேன்.

முதலில் அந்த நாலு கொக்கி. தரையில் நீளவாக்கில் உலோகத் தண்டவாளம் பதித்திருப்பார்கள், அல்லது நாலு இடத்தில் குழி வைத்திருப்பார்கள். அதில் பட்டைகளைப் பூட்டி, மறுமுனையில் உள்ள கொக்கியை நாற்காலியின் சட்டத்தில் மாட்ட வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பழைய வகையில் ராட்செட்டைக் கையால் அடித்து அடித்து இறுக்க வேண்டும், லாரியில் சரக்குக் கட்டுவார்களே அதே சாமான் மாதிரிதான் இருக்கும். புதிய வகையில் பட்டை ஒரு பெட்டிக்குள் தானாகச் சுருண்டுகொள்ளும், ரிட்ராக்டர் என்கிறார்கள், கொக்கியை இழுத்து மாட்டிவிட்டால் மிச்சத் தளர்வை அதுவே உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளும். முதலில் சொன்ன டக் சத்தம் அதுதான்.

வண்டி எதிலாவது மோதினால் அல்லது சட்டென்று நின்றால் நாற்காலி முன்னால் பாயப் பார்க்கும், அதைப் பின்னால் உள்ள இரண்டு பட்டைகள் தாங்கும். கனமான வேலை அவற்றுடையது. அடுத்த நொடியில் நாற்காலி எகிறிப் பின்னால் வரும், அதை முன்பட்டைகள் பிடிக்கும். மோதல் எதுவும் இல்லாத சாதாரண ஓட்டத்தில்கூட, முன்பட்டைகள் இழுத்துப் பிடித்தால்தான் பின்பட்டைகள் விறைப்பாக இருக்கும், நாற்காலி இடம் வலமாக ஆடாது. ஆக ஒன்று இல்லையென்றால் மற்ற மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் தொளதொளத்துப் போகும். மூன்றே புள்ளியில் பிடிக்கும்படி வடிவமைத்த ஏற்பாடுகளும் சந்தையில் உண்டு, க்யூஸ்ட்ரெயின்ட் நிறுவனத்தின் க்யூபாட் அப்படிப்பட்டது, ஆனால் அது முதலிலிருந்தே மூன்றுக்காகக் கணக்குப் போட்டது. நாலில் ஒன்றைத் தொலைத்துவிட்டு மூன்று ஆக்கியது இல்லை.

பலத்தைப் பொறுத்தவரை இந்த நாலு கொக்கி முறையை ஒன்றும் சொல்ல முடியாது. ஐ.எஸ்.ஓ. 10542 என்ற சர்வதேசத் தரத்தின்படி இதைச் சோதிக்கும்போது, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதியது போல, சுமார் 20 ஜி அளவுக்கு உலுக்குகிறார்கள். 20 ஜி என்றால் பொருள் தன் எடையைப் போல இருபது மடங்கு இழுக்கும். சோதனைக்கு வைக்கும் மாதிரி நாற்காலியின் எடை 85 கிலோ, அதாவது அந்தக் கணத்தில் அது 1,700 கிலோ போல இழுக்கும், பட்டை அதைத் தாங்கியாக வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, என் நாற்காலி 140 கிலோ என்பது நினைவுக்கு வரும்வரை. இருபதால் பெருக்கினால் 2,800. சாயும் வசதி, உயரும் வசதி, பெரிய பேட்டரி எல்லாம் வைத்த மோட்டார் நாற்காலிகள் பல 85 கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன, அதனால் கனமான நாற்காலிக்கென்று தனியாகச் சோதித்த பட்டைகளும் விற்கிறார்கள். நீங்கள் ஏறும் வண்டியில் எது இருக்கிறது என்பது பட்டையில் தைத்திருக்கும் லேபிளைப் படித்தால்தான் தெரியும், அந்த லேபிளோ முதல் வருடத்திலேயே அழுக்கேறி எழுத்து மறைந்துவிடும்.

பட்டை எவ்வளவு பலமாக இருந்தாலும் கொக்கியை எதில் மாட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டிக்குள் இருக்கையாகப் பயன்படுத்துவதற்கென்றே சோதித்த நாற்காலிகள் இருக்கின்றன, அமெரிக்கத் தரத்தில் டபிள்யூ.சி.19, சர்வதேசத் தரத்தில் ஐ.எஸ்.ஓ. 7176-19. அந்த நாற்காலியில் நாலு இடத்தில் கொக்கிப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், இங்கே மாட்டு என்று அர்த்தம். என் முதல் நாற்காலியில் அது கிடையாது. ஆளுக்கு ஒரு இடத்தில் மாட்டுவார்கள். ஒருவர் கைப்பிடியில் மாட்டினார், அது மேலே தூக்கினால் கழன்று வருகிற கைப்பிடி. இன்னொருவர் சக்கரத்துக்குள் மாட்டினார். ஒருநாள் கால் வைக்கும் பலகையின் தண்டில் மாட்டிவிட்டு, பார்க்க மிக அழகாக இறுக்கிவிட்டு, கைகழுவப் போய்விட்டார்கள். அந்தத் தண்டு ஒரு பித்தானை அழுத்தினால் பக்கவாட்டில் விலகிக்கொள்ளும், நான் இறங்கி ஏற வசதிக்காக. வண்டி கிளம்பி முதல் வேகத்தடையைத் தாண்டியதும் என் கால் பலகை தனியாகத் திரும்பிக்கொண்டு போக, காலோடு சேர்ந்து கொக்கியும் தொங்கியது. அன்று நான் சிரித்ததாகத்தான் நினைவு. இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. பற்றவைத்த அல்லது போல்ட் போட்ட சட்டத்தில் மாட்ட வேண்டும், கையோடு கழன்று வருகிற எதிலும் மாட்டக் கூடாது, அவ்வளவுதான் விதி.

கோணமும் முக்கியம். பின்பட்டை தரையோடு 30 முதல் 45 டிகிரி வரை, முன்பட்டை 40 முதல் 60 வரை சாய்ந்திருந்தால் நல்லது என்கிறார்கள். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் பட்டை நாற்காலியைத் தரையோடு அழுத்துமே தவிர முன்னே பாய்வதை அவ்வளவாகத் தடுக்காது. இதைக் கோணமானி வைத்து யாரும் அளக்கப் போவதில்லை, பின்னால் நங்கூரப் புள்ளியை, அதாவது பட்டையைத் தரையில் பூட்டும் இடத்தை, எங்கே வைக்கிறார்கள் என்பதை வண்டி கட்டுகிற இடத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். நான் போன ஒரு சின்ன வேனில் பின்புற நங்கூரத்துக்கு ஒட்டி அடுத்த வரிசை சீட்டின் கால் இருந்தது. அங்கே பட்டை சாய்வதற்கே இடமில்லை, செங்குத்தாகத்தான் நின்றது. வரைபடத்தில் ஒரு சீட் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ஆளுக்கான பெல்ட். இதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். நாற்காலியைக் கட்டுவது வேறு, அதில் இருக்கிற ஆளைக் கட்டுவது வேறு. நாற்காலியை மட்டும் கட்டினால் நாற்காலி நிற்கும், நான் பறப்பேன். ஆளை மட்டும் கட்டினால் இன்னும் மோசம், 140 கிலோ பின்னாலிருந்து வந்து முதுகில் மோதும், நான் பெல்ட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே நசுங்குவேன். அமெரிக்காவின் போக்குவரத்து விதிகளில் ஆள் பெல்ட்டை நாற்காலியைக் கட்டும் சாதனத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள், யாரோ அப்படிப் பயன்படுத்தப் பார்த்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். என் நாற்காலியில் ஏற்கனவே இடுப்பில் ஒரு பட்டை உண்டு, அது நான் சரிந்துவிடாமல் நிமிர்ந்து உட்காருவதற்கானது, வெல்க்ரோவில் ஒட்டுவது. அதைப் பார்த்துவிட்டு "பெல்ட் போட்டிருக்கீங்களே" என்று எத்தனையோ பேர் நகர்ந்திருக்கிறார்கள். மோதலில் அது காகிதம்.

சரியாகப் போட்ட இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பின் மேல், தொடை தொடங்கும் இடத்தில் தாழ்வாகப் படிய வேண்டும். கைப்பிடிகளுக்கு உள்ளே புகுந்து வர வேண்டும். நடப்பது என்னவென்றால், கைப்பிடிக்கு மேலாகவே பெல்ட்டைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள், அது என் வயிற்றுக்கு முன்னால் காற்றில் பாலம் மாதிரி நிற்கும். மோதினால் அந்தப் பாலம் வரைக்கும் நான் போய், பிறகு வயிற்றில் வாங்க வேண்டும். ஏன் அப்படிப் போடுகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். உள்ளே புகுத்த வேண்டுமானால் அவர் என் இடுப்புக்கும் நாற்காலியின் பக்கத் தடுப்புக்கும் நடுவே கையை விட வேண்டும். அவருக்குக் கூச்சம், எனக்கும் கூச்சம், பின்னால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்குத் தீர்வு ஓட்டுநருக்குப் பயிற்சி கொடுப்பது மட்டும் என்று நான் நம்பவில்லை. விறைப்பான தண்டின் நுனியில் கொக்கி வைத்த பெல்ட்டை ஒருமுறை பார்த்திருக்கிறேன், நானே வாங்கிக் கைப்பிடிக்குக் கீழே விட்டு மறுபக்கம் எடுத்துக்கொண்டேன். இருபது விநாடி வேலை. யாரும் என்னைத் தொடவில்லை. அதை யோசித்தவருக்குத் தனியாக ஒரு ஸ்டார்.

தோள் பெல்ட்டைப் பற்றி ஒரே வரி: சுவரில் ஒரே உயரத்தில் நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் குட்டையானவர்களின் கழுத்தை அறுக்கும், மேலும் கீழும் நகர்த்தும்படி வையுங்கள்.

நாலு கொக்கி முறையில் எனக்கு உள்ள பெரிய குறை நேரம்தான். பழகிய ஓட்டுநர், ஸ்டிக்கர் ஒட்டிய நாற்காலி, நாலும் இருக்கிற வண்டி என்று எல்லாம் கூடிவந்தால் இரண்டு நிமிடம். வழக்கமாக நாலு, ஐந்து ஆகும். அந்த ஐந்து நிமிடம் ஒரு வேனில் பிரச்சினையே இல்லை. கூட்டம் நிற்கிற நகரப் பேருந்தில் அது ஒரு யுகம். ஓட்டுநர் சீட்டை விட்டு எழுந்து வந்து, எல்லோரையும் ஒதுக்கி, தரையில் மண்டியிட்டு, சேறும் தண்ணீருமான தரையில் கையை ஊன்றி, என் கால்களுக்கு நடுவே தலையைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அவருக்கு முதுகுவலி. எனக்கு ஜன்னல் வழியாக எங்கேயாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம். பின்னால் யாரோ "ச்சு" கொட்டுவார்கள். பத்து நிறுத்தம் கழித்து இறங்கும்போது இதே கூத்து திரும்ப. இதனாலேயே "வேண்டாம்ப்பா, பிரேக் போட்டுக்கறேன்" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், தப்பு என்று தெரிந்தே. 20 ஜி தாங்குகிற பட்டை பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்தால் அது பூஜ்யம் ஜி-தான் தாங்குகிறது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பின்னோக்கிய சாய்பலகை. பெரிய தாழ்தளப் பேருந்துகளில் ஐரோப்பா, கனடா எல்லாம் பல காலமாக இதைத்தான் பயன்படுத்துகின்றன. நாற்காலி பேருந்தின் பின்பக்கத்தைப் பார்த்து நிற்கும், முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்த உயரமான பலகை ஒன்று தரையோடு கெட்டியாகப் பொருத்தியிருக்கும். பட்டை இல்லை, கொக்கி இல்லை. பேருந்து பிரேக் அடித்தால் நான் அந்தப் பலகையில் போய் அழுந்துவேன், அவ்வளவுதான். முதன்முதலில் இதைப் பார்த்தபோது ஏதோ காசு மிச்சம் பிடிக்கிற வேலை என்றுதான் நினைத்தேன். கணக்கைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பெரிய நகரப் பேருந்து பத்துப் பதினைந்து டன் எடை. எதில் மோதினாலும் பேருந்து சட்டென்று நிற்பது அபூர்வம், மோதப்பட்டதுதான் நகரும். எவ்வளவு கடுமையாகப் பிரேக் போட்டாலும், திரும்பினாலும், உள்ளே இருப்பவர் உணர்கிற விசை 1 ஜி-யைத் தாண்டாது என்ற அடிப்படையில்தான் ஐ.எஸ்.ஓ. 10865 தரம் எழுதப்பட்டிருக்கிறது. 20 எங்கே, 1 எங்கே. வேனுக்கான கவசத்தைப் பேருந்துக்கும் போடச் சொல்வதில் அர்த்தமில்லை, பேருந்துக்கான பலகையை வேனில் வைப்பது ஆபத்து. வண்டியின் எடையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

என் அனுபவத்தில் சாய்பலகைக்கு ஐந்துக்கு நாலு. ஏறினேன், பின்னால் ஓட்டி முதுகை ஒட்டினேன், மோட்டாரை அணைத்தேன், பேருந்து கிளம்பிவிட்டது. ஓட்டுநர் எழுந்திருக்கவே இல்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை! முதல் நாள் அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று நடந்து ஏறுகிறவர்களுக்கு விளக்கவே முடியாது.

அந்த ஒரு ஸ்டார் எங்கே போனது என்றால், மூன்று இடத்தில். ஒன்று, பை. வீல்சேரில் போகிற முக்கால்வாசிப் பேர் முதுகுக்குப் பின்னால் ஒரு பையைத் தொங்கவிட்டிருப்போம், சார்ஜர், தண்ணீர், மழைக்கோட்டு என்று எல்லாம் அதில்தான். அந்தப் பை சாய்பலகையில் முட்டி என்னை ஒரு சாண் தூரத்தில் நிறுத்திவிடும். பிரேக் அடித்தால் அந்த ஒரு சாணும் நான் பின்னால் போய் மொத்தென்று மோதுவேன். பையைக் கழற்றி மடியில் வைக்க எனக்குக் கை எட்டாது. பின்னாலிருந்து தள்ளுவதற்கான கைப்பிடித் தண்டுகளும், சில நாற்காலிகளில் பின்னால் கவிழாமலிருக்க வைக்கும் குட்டிச் சக்கரங்களும் இதே வேலையைச் செய்யும். பலகையைக் குறுகலாக வைத்தால் கைப்பிடிகள் இரண்டு பக்கமும் போய்விடும், அடியில் வெட்டிவிட்டால் குட்டிச் சக்கரம் உள்ளே போய்விடும். பைக்குத்தான் இன்னும் யாரும் வழி சொல்லவில்லை.

இரண்டாவது, திருப்பம். பிரேக் அடித்தால் பலகை பார்த்துக்கொள்ளும், பேருந்து வளையும்போது உள்ளே ஆட்கள் நடக்கும் நடுவழிப் பக்கமாக நாற்காலி சரியும், அதற்குச் செங்குத்தாக ஒரு கம்பியோ மடக்குக் கையோ வேண்டும். கம்பி வைத்தால் உள்ளே நுழைவது கஷ்டம், வைக்காவிட்டால் மழைநாளில் ஈரத் தரையில் ரப்பர் சக்கரம் சோப்பில் நிற்பதுபோல நழுவும். எனக்கு நேர்ந்திருக்கிறது. மோட்டார் நாற்காலி கனம் என்பதால் ஒரு கையளவுதான் நகர்ந்தது, லேசான கைநாற்காலியில் இருப்பவர் எதிர்ச் சீட் வரைக்கும் போயிருப்பார். மூன்றாவது, பின்னோக்கிப் போவது சிலருக்குக் குமட்டும். எனக்குக் குமட்டுவதில்லை, ஆனால் என் நிறுத்தம் வந்துவிட்டதா என்பது கடந்துபோன பிறகுதான் கண்ணில் படும். நிறுத்தப் பெயர் காட்டும் பலகை முன்பக்கம் மட்டும் இருந்தால் எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, என் முகத்துக்கு நேராகவும் ஒன்று வேண்டும். இறங்குவதற்கான பித்தானை என் முதுகுப் பக்கச் சுவரில் வைத்த ஒரு பேருந்தில் போயிருக்கிறேன், தோளுக்கு மேலே பின்னால் கையை நீட்டி அழுத்த வேண்டும். வைத்தவர் நின்றுகொண்டே வைத்திருப்பார்.

பலகையோடு இயந்திரக் கைகளும் சேர்ந்த வகை ஒன்று இருக்கிறது, க்வான்டம் என்று க்யூஸ்ட்ரெயின்ட்காரர்களுடையது. அதுவும் பின்னோக்கித்தான். பின்னால் போய் ஒட்டியதும் ஒரு பித்தானை அழுத்தினால் இரண்டு பக்கமும் கைகள் வந்து சக்கரங்களை உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ளும், பேருந்து ஆடும்போது தானாகவே கொஞ்சம் இறுக்கிக்கொள்ளும். சக்கரத்தைப் பிடிப்பதால் எந்த நாற்காலியில் சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியதில்லை. திருப்பத்தில் சரிவது என்ற பேச்சே இல்லை. நான் இரண்டே முறைதான் போயிருக்கிறேன், இரண்டாம் முறை கைகள் பாதியில் நின்று ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தது, நான் சற்றுக் கோணலாக நின்றிருந்தேனாம், முன்னால் போய் மறுபடி வந்ததும் சரியானது. மோட்டாரும் சென்சாரும் இருக்கிற எதுவும் ஒருநாள் கெடும், கெட்டால் அன்று என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது, ஆனாலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

நாற்காலியின் அடியில் ஒரு போல்ட்டைப் பொருத்தி, தரையில் உள்ள பூட்டில் நேராக ஓட்டிக்கொண்டுபோய் மாட்டும் வகையும் உண்டு. சொந்த வேனில் தானே ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. பொதுப் பேருந்துக்கு ஆகாது, ஒவ்வொரு நாற்காலியின் அடியும் ஒவ்வொரு மாதிரி.

சரி, எதைக் கொண்டு பிடித்தாலும் முதலில் நிற்க இடம் வேண்டுமே. பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டு விதிகளில் வீல்சேர் இடம் 1,300 மில்லிமீட்டர் நீளம், 750 அகலம். கணக்கில் எடுத்துக்கொண்ட மாதிரி நாற்காலி 1,200 நீளம், 700 அகலம். அகலத்தில் மிச்சம் 50, அதாவது பக்கத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர், இரண்டு விரல் அளவு. அமெரிக்காவில் 48 அங்குலத்துக்கு 30 அங்குலம், கிட்டத்தட்ட அந்த அளவுதான். நேராக நின்றுவிட்டால் இந்த இடம் போதும். பிரச்சினை நேராக வந்து நிற்பதில்தான். வாசலில் ஏறி, தொண்ணூறு டிகிரி திரும்பி, சக்கர மேட்டைத் தாண்டி, ஒரு கம்பியைச் சுற்றி, பிறகு பின்னால் வர வேண்டும், என் கால் நுனியை யார் காலிலும் ஏற்றாமல். காலி நாற்காலியைத் தரையில் வைத்துப் படம் வரைகிறவர்கள் என் பாதங்களை மறந்துவிடுகிறார்கள், அவை நாற்காலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்த இடத்தில் மடக்கு சீட்டுகள் வைப்பது எனக்குச் சம்மதமே, நான் இல்லாதபோது மற்றவர்கள் உட்காரட்டும். ஆனால் அதை மடக்குவதற்கு ஒரு மறைவான நெம்புகோலைத் தேடி, இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தால் யாரும் மடக்க மாட்டார்கள். எழுந்தவுடன் தானாக மடங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் சீட்தான் சரி, கேட்காமலே இடம் காலியாகிவிடும். குழந்தை வண்டிகளோடுதான் உண்மையான இழுபறி. பிரிட்டனில் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது, 2017-இல் தீர்ப்பு வந்தது, வீல்சேர் இடத்தை விடச் சொல்லி ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுவது போதாது, அங்கே இருப்பவர் நியாயமில்லாமல் மறுக்கிறார் என்றால் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் சில நிமிடம் பேருந்தை நிறுத்திவைப்பதையும் யோசிக்கலாம் என்று. நல்ல தீர்ப்பு. ஆனாலும் பேருந்தை நிறுத்திவைத்து எல்லோரும் என்னையே பார்க்கிற அந்தச் சில நிமிடத்தை யார் வாங்கிக்கொள்வது? குழந்தை வண்டிக்கும் தனியாக ஓர் இடம் விட்டுவிட்டால் இரண்டு தாய்மாரும் நானும் சண்டையில்லாமல் போவோம்.

வீல்சேருக்குப் பதிலாக பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரமான இருக்கை, குறுகிய அடி, வளைவில் கவிழ்ந்துவிடும், கொக்கி மாட்டவும் அதில் கெட்டியான இடம் இருப்பதில்லை. முடிந்தால் இறங்கிப் பேருந்து சீட்டில் உட்காருங்கள், ஸ்கூட்டர் தயாரிப்பவர்களே பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்காக முடியாதவரை ஏற்றமாட்டேன் என்று சொல்வதும் சரியில்லை. அமெரிக்க விதிப்படி, உங்கள் நாற்காலியை எங்கள் பட்டையால் சரியாகக் கட்ட முடியவில்லை என்ற காரணத்தைச் சொல்லி ஏற்ற மறுக்கக் கூடாது, ஓட்டுநர் தேவைப்பட்டால் எழுந்துவந்து உதவியாக வேண்டும். அங்கேயே இன்னொரு விதி சாதாரண ஓட்டத்தில் நாற்காலி எந்தப் பக்கமும் 2 அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது என்றும் சொல்கிறது. என் முழங்கால் கம்பியில் இடித்த அன்று எத்தனை அங்குலம் என்று அளக்கவில்லை.

நாலு கொக்கிக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்டால், வேனில் நாலு, பேருந்தில் இரண்டு. வேன் வாங்குகிறவர்கள் ரிட்ராக்டர் வகையையே வாங்குங்கள், ராட்செட் வேண்டாம். பட்டைகளை வைக்கச் சுவரில் ஒரு பை மாட்டுங்கள், தரையில் போட்டால் மண் ஏறி ரிட்ராக்டர் திக்கும். நானும் என் பங்குக்கு ஒன்று செய்துகொண்டேன், நாற்காலிச் சட்டத்தில் நாலு இடத்திலும் சிவப்புத் துணிப்பட்டை வளையங்களை நிரந்தரமாகக் கோத்துவிட்டேன், கொக்கி மாட்டுவதற்கென்றே சோதித்து விற்கிற வளையம், சாதாரணக் கயிறு இல்லை. இப்போது யாரும் எங்கே மாட்டுவது என்று என் காலுக்குக் கீழே தலையைவிட்டுத் தேடுவதில்லை, "சிவப்புல மாட்டுங்க" என்றால் முடிந்தது. ஐந்து நிமிடம் மூன்றாகியிருக்கிறது.

அந்தத் தொலைந்த கொக்கி பிறகு கிடைத்தது. ஒரு மாதம் கழித்து அதே வேன், வேறு ஓட்டுநர், ஓர் அக்கா. மடக்கு சீட்டைத் தூக்கினார், அது பாதியில் நின்றது, ஓங்கி ஒரு இழு இழுத்தார். சீட்டின் கீல் இடுக்கில் பட்டை சிக்கி, யாராரோ ஒரு மாதம் அதன் மேலேயே உட்கார்ந்து எழுந்து, ஓரமெல்லாம் நூல் பிரிந்து கிடந்தது. கொக்கி புத்தம்புதிதாகப் பளபளத்தது. அதை எடுத்து என் வளையத்தில் மாட்டப் போனவர், பிரிந்த நூலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். கழற்றித் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது வேண்டாம்மா, வேற வண்டி வரச் சொல்றேன்" என்று போனை எடுத்தார். இருபது நிமிடம் காத்திருந்தேன்.